குதிரைக்கு லீவு கிடையாது
47 வயதில் சொந்தத் தொழிலுக்கு வந்த ஒரு தொழிலாளியின் பேச்சு

(தோட்டத்தில் நடந்த சுயதொழில் கூட்டத்தில், நுவரெலியாவில் குதிரைச் சவாரித் தொழில் செய்யும் முன்னாள் தோட்டத் தொழிலாளி ஒருவர் பேசியது இது. தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கூடியவரை அவர் பேசியபடியே தருகிறோம்.)



நான் மேடையில் பேசிப் பழகினவன் இல்லை. 26 வருஷம் கவ்வாத்துக் கத்தியும் முள்ளும் பிடித்த கை இது. இப்போது கடிவாளம் பிடிக்கிறது. "சொந்தத் தொழில் செய்து முன்னுக்கு வந்ததைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்க" என்று கூப்பிட்டார்கள். முன்னுக்கு வந்த கதை கொஞ்சம்தான் இருக்கு. விழுந்த கதைதான் கூட. இரண்டையும் சொல்றேன். உங்களுக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆட்களுக்கும் குதிரைக்கும் பழைய சொந்தம் உண்டு. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் துரைமார் குதிரையில்தான் மலை பார்த்தார்கள். அந்தக் குதிரைக்குப் புல் அறுத்தவன், தேய்த்துவிட்டவன், பின்னாலேயே ஓடினவன் எல்லாம் குதிரைக்காரன் என்ற பெயரில் நம்ம ஆள்தான். எங்கள் பூட்டனும் குதிரைக்காரனாக இருந்தாராம். 1875ல் நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. இன்றைக்கும் ஏப்ரல் சீசனில் பந்தயம் நடக்கிறது. பந்தயக் குதிரை பணக்காரர் சமாசாரம். கிரகரி வாவிப் பக்கமும் டவுனிலும் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிற மட்டக்குதிரைதான் என் தொழில்.

வேலையை விடுவதற்கு முன்

44 வயதிலேயே எனக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. கவ்வாத்து மலையில் மற்றவர்கள் முடித்துவிட்டு இறங்கும்போது நான் பாதியில் நிற்பேன். இப்படியே 55 வரைக்கும் இழுக்க முடியாது என்று தெரிந்தது. ஆனால் மறுநாளே கத்தியைப் போட்டுவிட்டு ஓடவில்லை. மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன்.

டவுனில் நாலு குதிரை வைத்திருந்த ஒரு நானாவிடம் ஞாயிற்றுக்கிழமையிலும் போயா நாளிலும் போய் நின்றேன். முதல் ஆறு மாதம் சாணி அள்ளவும் புல் போடவும்தான் விட்டார். பிறகு கயிறு பிடித்து நடக்க விட்டார். கிடைத்த கைக்காசை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் தபாற்கந்தோரில் சேமிப்புக் கொப்பி திறந்து போட்டேன். தோட்டச் சம்பளத்திலும் நாளுக்கு 100 ரூபாய் என்று ஒதுக்கினோம். நாளுக்கு 100 என்றால் வருஷத்துக்கு 36,500. மூன்று வருஷத்தில் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து ஐநூறு. சாராயக் கடையையும் வெற்றிலைக் கடையையும் கொஞ்சம் குறைத்ததில் வந்த காசு அது. கஷ்டமில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு தீபாவளிக்குப் பெரியவர்கள் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை.

2016 கடைசியில், 47 வயதில், பெயரை வெட்டிக்கொண்டேன். சேவைக்காலப் பணம் கிடைத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். 26 வருஷத்துக்கு 364 நாள் சம்பளம். ஏறக்குறைய ஒரு வருஷ நாட்கூலி மொத்தமாகக் கைக்கு வருகிறது என்றால் யாருக்கும் தலை சுற்றும். அந்தக் காசு பறந்து போகிற இடங்கள் உங்களுக்கே தெரியும்.

ஈ.பி.எஃப். காசை அப்போது தொட முடியாது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். அன்றைக்கு அது எனக்குக் கோபமாக இருந்தது. பிறகுதான், நல்ல வேளை கைக்கு எட்டவில்லை என்று நினைத்தேன். ஏன் என்று பின்னால் சொல்றேன்.

இன்னொரு காரியம் செய்தோம். எங்கள் வீட்டுக்காரி தன் பெயரை வெட்டவில்லை. "ரெண்டு பேரும் இறங்கினா ரெண்டு பேரும் முழுகுவோம். நான் கொழுந்துக்கே போறேன்" என்றாள். அவள் எடுத்த கொழுந்துதான் எங்கள் குடும்பத்தை இரண்டு தடவை காப்பாற்றியது. அதனால் அவளைப் பற்றி இங்கே முதலிலேயே சொல்லிவிட்டேன்.

குதிரை மாடு இல்லை

நம்ம வீடுகளில் மாடு வளர்த்த பழக்கம் இருக்கு. நானும் மாடு வளர்த்தவன். அந்தத் தைரியத்தில்தான் முதல் குதிரையை வாங்கினேன். முதல் மாதமே புத்தி வந்தது.

ஒரு நாள் நல்ல சவாரி. பாவம், உழைத்த மிருகம் என்று இரவில் வாளி நிறையத் தவிடு கரைத்து வைத்தேன். விடியற்காலையில் பார்த்தால் குதிரை நிலத்தில் புரளுது. எழும்பி வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது. திரும்பவும் படுக்குது. சாணி போடவே இல்லை. நானாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் ஓடிவந்து மிருக வைத்தியரைக் கூட்டிவந்தார். வைத்தியர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றை இறக்கினார். மத்தியானம்தான் சாணி போட்டது. அந்தச் சாணியைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். ஒரு வருஷ நாட்கூலி கண் முன்னால் புரளுவதைப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

வைத்தியர் அன்றைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். மாடு அசைபோடும், அதற்கு வயிறு பெரிது. குதிரைக்கு இரைப்பை சிறியது. வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது பின்னால்தான் வர வேண்டும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கப் புல் தின்ன வேண்டும். தவிடு, கொள்ளு எல்லாம் கை அளவோடு. தீனியை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக மாற்ற வேண்டும்.

250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு ஈரப் புல்லாக 25 கிலோவாவது வேண்டும். நம்ம பெண்கள் ஒரு நாள் எடுக்கிற கொழுந்தைவிடக் கூடுதலான எடை அது. தினமும் அறுத்துச் சுமக்க வேண்டும். தண்ணீரும் தினமும் தாராளமாக வேண்டும். மருந்து அடித்த மலையில் புல் அறுக்கக்கூடாது. பன்னமும் அலரியும் கலந்துவிடக்கூடாது, இரண்டும் குதிரைக்கு நஞ்சு. நம்ம பக்கம் கிடைக்கிற கிக்கியூ புல்லை மட்டும் போட்டு, கூடத் தவிட்டையும் கொட்டினால், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. முக எலும்பு வீங்கி, கால் பலம் குறைந்துவிடும். வைத்தியரைக் கேட்டு அதற்குரிய தூளைக் கலந்து கொடுக்க வேண்டும்.

குளம்பைத் தினமும் தூக்கிச் சுத்தம் பண்ண வேண்டும். மழைக்காலச் சேற்றில் நின்றால் அடிக்குளம்பு அழுகி நாறும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவி, லாடம் பார்க்க வேண்டும். பூச்சி மருந்து, ஏற்பு ஊசி, பல் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது. 250 கிலோ குதிரைக்கு 50 கிலோ. பெரிய உடம்புக்காரர் வந்து இரட்டிப்புக் காசு தருகிறேன் என்பார். "மன்னிக்கணும் ஐயா, பிள்ளையை மட்டும் ஏத்துங்க" என்று சொல்லப் பழக வேண்டும். அன்றைக்குக் கொஞ்சம் நட்டம்தான். ஆனால் குதிரையின் முதுகு போனால் தொழிலே போய்விடும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்றேன்? தோட்டத்தில் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான். மழை பெய்தாலும், ஆள் வராவிட்டாலும், எனக்குக் காய்ச்சல் வந்தாலும் குதிரை தின்ன வேண்டும். வருமானம் நாலு மாதம், தீனி பன்னிரண்டு மாதம். ஏப்ரலும், ஆகஸ்ட், டிசம்பர் லீவுக் காலமும் கை நிறையும். ஜூன் ஜூலை மழையில் வாவிக்கரையில் நானும் குதிரையும்தான் நிற்போம். இந்தத் தொழிலின் கணக்கு முழுக்க இதற்குள்ளே இருக்கு.

மூன்று டின்

நானா எனக்குச் சொல்லித் தந்த ஒழுங்கு இது. வீட்டில் பால்மா டின் மூன்று வைத்தோம். மாலையில் வந்தவுடன், தேத்தண்ணி குடிப்பதற்கு முன் காசைப் பிரிக்க வேண்டும்.

முதல் டின் குதிரையுடையது. தீனி, லாடம், வைத்தியர். இதில் எந்த நேரமும் நாலு மாதத் தீனிக்காசு இருக்க வேண்டும். கல்யாணம், சடங்கு, திருவிழா எதற்கும் இதைத் திறக்கக்கூடாது.

இரண்டாவது டின் என் கூலி. தோட்டத்தில் எனக்குக் கிடைத்த நாட்கூலி எவ்வளவோ அவ்வளவுதான். நல்ல நாளிலும் அதே அளவு. ஏப்ரலில் ஒரு நாளில் பத்து நாள் காசு வரும். அதை உண்மையான வருமானம் என்று நினைத்தால் கெட்டோம். அது ஜூலை மாதத்துக் காசு, முன்கூட்டியே வந்திருக்கு, அவ்வளவுதான்.

மூன்றாவது டின்னில் மிச்சம் விழும். வாரம் ஒரு தடவை தபாற்கந்தோருக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. மகள்தான் எழுதினாள். 2017ம் 2018ம் இப்படியே நல்லபடியாகப் போனது. அப்புறம்தான் எனக்குத் தலைக்கனம் வந்தது.

நான் விழுந்த இடம்

2019 மார்ச் மாதம். சீசன் வருது. ஒரு குதிரையில் இவ்வளவு வந்தால் இரண்டு குதிரையில் இரட்டிப்பு வரும் என்று கணக்குப் போட்டேன். நல்ல பெண்குதிரை ஒன்று ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு வந்தது. குதிரை டின்னில் அறுபதாயிரம் இருந்தது. அதை எடுத்தேன். மிச்சம் ஒரு லட்சத்தை நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்கு வாங்கினேன். வீட்டுக்காரி வேண்டாம் என்றாள். மகள் கொப்பியைக் காட்டி, "அப்பா, இந்த டின் குதிரையோடது" என்றாள். "ஏப்ரல் முடிய எல்லாத்தையும் அடைச்சிடுவேன்" என்று சொன்னேன்.

ஏப்ரல் 21ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு, நாட்டில் குண்டு வெடித்தது. எத்தனையோ குடும்பங்கள் உயிரைப் பறிகொடுத்தன. அதற்கு முன்னால் என் நட்டம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து வாவிக்கரையில் ஈ காக்கை இல்லை. ஹோட்டல் எல்லாம் காலி. எனக்கு இரண்டு வாய்க்குத் தீனி, மாதம் பத்தாயிரம் வட்டி, டின்னில் ஒன்றுமில்லை.

வீட்டுக்காரியின் தோட்டை இருபதாயிரத்துக்கு அடகு வைத்து இரண்டு மாத வட்டி கட்டினேன். ஆகஸ்டில் அந்தப் பெண்குதிரையைத் தொண்ணூறாயிரத்துக்கு விற்றேன். கடனுக்குக் கொடுத்த பிறகும் பாக்கி நாற்பதாயிரம் நின்றது. மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் மூட்டை தூக்கி, டிசம்பரில்தான் அடைத்து முடித்தேன். இடுப்பு வலிக்காகத் தோட்டத்தை விட்டவன், மூட்டை தூக்கினேன்.

அப்போது ஒருவர் சொன்னார்: "இருக்கிற குதிரையையும் அவிழ்த்து விடு. அது ரோட்டில் தின்று பிழைக்கும்." நுவரெலியா ரோட்டோரத்தில் ஆள் பார்க்காமல் திரிகிற குதிரைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குப்பையில் பொலித்தீன் பையோடு தின்னும். இரவில் வாகனம் அடித்துக் கால் முறிந்து கிடக்கும். என் பிள்ளை படிப்புக்கு இரண்டு வருஷம் உழைத்த மிருகத்தை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. அகல உழுகிறதைவிட ஆழ உழு என்று பெரியவர்கள் சொன்னது அன்றைக்குத்தான் புரிந்தது.

மெல்ல எழும்பினது

கடன் அடைந்த மறுநாளே குதிரை டின்னைத் திரும்பத் தொடங்கினேன். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தபோது அதில் ஆறு வாரத் தீனிக்காசுதான் இருந்தது. சவாரி முற்றாக நின்றது. தோட்டத்தில் வேலை நடந்ததால் வீட்டுக்காரியின் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. இது முதல் தடவை. 2022ல் பெற்றோல் இல்லாமல் ஆட்கள் வராத மாதங்களில் இரண்டாவது தடவை.

குதிரைக்கு வேறு வழி கண்டுபிடித்தோம். ஒரு குதிரை தினமும் நிறையச் சாணி போடும். அதைக் குவித்து, மழை படாமல் மூடி, மக்க விட்டுச் சாக்கில் கட்டினேன். கரட், லீக்ஸ் போடுகிற தோட்டக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். காசுக்குப் பதிலாக அவர் காணி ஓரத்தில், மருந்து படாத பக்கமாக, புல் அறுக்க விட்டார். 2022ல் தவிட்டின் விலை ஏறியபோது நாலு மாதக் காசு இரண்டு மாதத்துக்குத்தான் கண்டது. ஆனால் புல் கையில் இருந்ததால் தப்பினோம். அன்றிலிருந்து, காசு மட்டும் சேமிப்பு இல்லை, புல் அறுக்க ஓர் இடமும் சேமிப்புத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு இப்போது 56 வயது. போன வருஷம் ஈ.பி.எஃப். கிடைத்தது. மகன் கேட்டான், "அப்பா, இப்ப இன்னொரு குதிரை வாங்குவமா?" கடனில்லாமல் வாங்கலாம்தான். கொப்பியைத் திறந்து பார்த்தோம். இரண்டாவது குதிரைக்கு நாலு மாதத் தீனிக்காசு தனி டின்னில் இல்லை. "அது சேரட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். ஈ.பி.எஃப். காசை இரண்டு பேர் பெயரிலும் நிலையான வைப்பில் போட்டோம். 2019ல் அந்தக் காசு என் கைக்கு எட்டியிருந்தால், அதுவும் அந்தப் பெண்குதிரையோடு போயிருக்கும். நல்ல வேளை என்று முதலில் சொன்னது இதைத்தான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது

குதிரைதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாடோ, தையல் மெஷினோ, சில்லறைக் கடையோ, திறீவீலரோ, எதுவானாலும் அதற்கும் ஒரு வாய் இருக்கு. வருமானம் இல்லாத மாதத்தில் அது என்ன தின்னும் என்று முதலில் கேளுங்கள்.

இருக்கிற வேலையை விடுவதற்கு முன், புதுத் தொழிலை இன்னொருவரிடம் ஒரு வருஷமாவது செய்து பாருங்கள். வீட்டில் ஒரு செக்ரோல் பெயராவது இருக்கட்டும். தோட்டத்தில் மிருகம் கட்டுவதாக இருந்தால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எந்த இடத்தில் சவாரி விடலாம் என்று நகரத்துச் சபையில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் தொழிலைப் பதிந்தால், வங்கிக் கடன் கேட்கும்போது அந்தக் கடுதாசி உதவும். சுயதொழில்காரரும் ஈ.டி.எஃப்.பில் தாங்களாகக் காசு கட்டலாம். சமூகப் பாதுகாப்புச் சபையில் சுயதொழில்காரருக்கு ஓய்வூதியத் திட்டம் இருக்கு. அதற்கு வயது எல்லை உண்டு, பிந்தாமல் போய்க் கேளுங்கள். சேவைக்காலப் பணம் வாங்கினவர்கள் ஒரு மாதமாவது அதைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். அந்த மாதத்தில் உங்களைத் தேடி வருகிற சொந்தக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கூட்டத்தில் இருக்கிற தாய்மார்களுக்கு ஒன்று. வீட்டு ஆம்பிளை வட்டிக்கு வாங்கப் போகும்போது வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரி ஒரு தடவைதான் சொன்னாள். இன்னும் இரண்டு தடவை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் அவள் வருத்தப்படுகிறாள். கேட்காதது என் பிழை. அந்தத் தோட்டை 2021ல் மீட்டுக் கொடுத்தேன். இன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்து, அந்தா, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்.

லயத்தில் பிறந்தவன் லாயம் கட்டினேன். ஒரே குதிரைதான், ஆனால் கடனில்லை. இப்போது மணி நாலாகுது. அதற்குப் புல் போட வேண்டிய நேரம். நான் போக வேண்டும்.